நெற்றிக்காரி

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் கிடந்தவன் நான். பாதிக்காலம் கொழும்பு ஆசிரியபீடங்களில்; மீதிக்காலம் கண்டி மாவட்ட நிருபராக. பிறர் சொன்ன சொல்லுக்கெல்லாம் ஆதாரம் கேட்டுப் பழகிய எனக்கு, நான் சொன்ன ஒரு சொல்லுக்கு என் குடும்பத்துக்குள்ளேயே கணக்குக் கேட்கப்படும் என்று தோன்றியதே இல்லை. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

நான் வாழ்வது திகனயில். கண்டியிலிருந்து மகியங்கனை நோக்கிச் செல்லும் வீதியில் குண்டசாலை, பல்லேகலை தாண்டி வரும் சிறு நகரம். 1985இல் விக்டோரியா அணை திறக்கப்பட்ட காலத்தில் இங்கிருந்து எத்தனையோ செய்திகள் அனுப்பினேன். பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனதைக் கண்ணால் கண்டவர்களில் நானும் ஒருவன். வெளிநாடுகளில் வாழும் வாசகர்களுக்கு திகன என்றதும் 2018 மார்ச் மாதமும் எரிந்த கடைகளும்தான் நினைவுக்கு வரும். அதைப் பற்றி வேறொரு நாள் எழுதலாம். இன்று எழுதப்போவது ஒரு நெற்றியைப் பற்றி. சிரிக்காதீர்கள்! முதலில் நானும் சிரித்தேன்.

சென்ற ஆண்டு ஒரு போயா விடுமுறை நாளில் என் தங்கையின் மகள் வந்தாள். வயது இருபத்தாறு. கண்டியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. பெயரை எழுதவில்லை. கதையை எழுத அனுமதி தந்தாள். பெயரை எழுத அனுமதி தரவில்லை. தேநீர் குடித்து முடித்ததும் கைப்பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து என் முன் வைத்தாள்.

"மாமா, நெற்றியின் உயரத்தைக் குறைக்கிற ஒப்பரேஷன் இது. நான் செய்யப்போகிறேன். செய்யலாமா என்று கேட்க வரவில்லை. இவர்கள் சரியானவர்களா என்று மட்டும் விசாரித்துத் தாருங்கள். அம்மாவுக்கு இப்போது தெரிய வேண்டாம்."

"உனக்கென்னடி குறை, நெற்றிக்காரி?" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. மூன்று ஆண்டுகள் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணம் இருக்கிறது என்றாள். அந்தத் தொகை அவளுடைய ஏழு மாதச் சம்பளத்துக்குச் சமம். விளையாட்டல்ல என்று அப்போதுதான் உறைத்தது.

கேட்டது விசாரணை. அது என் தொழில். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாசித்தேன். வழவழப்பான தாள். கட்டணம் இருந்தது. தவணை முறையில் செலுத்தும் வசதி இருந்தது. முன்பு, பின்பு என்று இரண்டு வெளிநாட்டுப் பெண்களின் படங்கள் இருந்தன. கத்தி பிடிக்கப்போகிறவரின் பெயர் மட்டும் இல்லை!

பிறகு மூன்று வாரங்கள் இதே வேலையாக இருந்தேன். தெரிந்த வைத்தியர்களிடம் கேட்டேன், தேடி வாசித்தேன். அறிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பெண்களின் நெற்றி, புருவத்திலிருந்து முடி தொடங்கும் கோடு வரை, பொதுவாக 5 முதல் 6.5 சென்ரிமீற்றர் வரை இருக்கும் என்பது சத்திரசிகிச்சை நிபுணர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதைவிட உயர்ந்திருந்தால், முடி தொடங்கும் கோட்டையே கீழே இறக்கலாம். முடியோரமாக, நேர்கோடாக இல்லாமல் நெளிநெளியாக, சாய்வாக வெட்டுவார்கள். பின்னாளில் தழும்பின் ஊடாகவே முடி வளர்ந்து அதை மறைக்க வேண்டும் என்பதற்காக இந்தச் சாய்வு. பிறகு தலைத்தோலை மண்டையோட்டிலிருந்து பின்புறமாக வெகுதூரம் தளர்த்தி, முன்னால் இழுத்து, மேலதிகமான நெற்றித்தோலை ஒரு பட்டையாக வெட்டி அகற்றிவிட்டுத் தைப்பார்கள். இழுத்த தோல் திரும்பப் பின்னால் போகாதிருக்க, எலும்பில் சிறு துளையிட்டு நூலால் கட்டுவதும் உண்டு. கரைந்துபோகும் சிறு கொக்கிகளில் மாட்டுவதும் உண்டு. இரண்டு, மூன்று மணித்தியால வேலை. பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரை சென்ரிமீற்றர் வரை இறங்கும். தலைத்தோல் இறுக்கமானவர்களுக்கு முதலில் தோலின் கீழ் ஒரு பலூனை வைத்து, வாரக்கணக்கில் சிறிது சிறிதாக நீரேற்றித் தோலை நெகிழ்த்திய பிறகே இரண்டாவது சத்திரசிகிச்சை.

உச்சந்தலை மாதக்கணக்கில் மரத்துக்கிடக்கும். சிலருக்கு அந்த மரப்பு முழுவதும் போவதேயில்லை. வெட்டிய இடத்தை அண்டிய முடி தற்காலிகமாகக் கொட்டலாம். தழும்பு எல்லோருக்கும் ஒரேமாதிரி ஆறுவதில்லை. பரம்பரையாக முன்முடி பின்வாங்கும் குடும்பத்தினருக்கு இது பொருந்தாது. நாளை முடி பின்னால் போனால், தழும்பு வெளியே வந்து நிற்கும். மாற்று வழி, பின்தலையிலிருந்து முடிவேர்களை எடுத்து முன்னால் நடுவது. நட்ட முடி சில வாரங்களில் கொட்டும். மூன்று நான்கு மாதத்தில் மீண்டும் முளைக்கும். முழுப்பலன் தெரிய ஓராண்டு வரை செல்லும்.

இதையெல்லாம் குறித்துக்கொண்டிருந்தபோது ஒரு பழைய செய்தி நினைவுக்கு வந்தது. 2016 மே மாதம், சென்னையில் ஒரு நிலையத்தில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட 22 வயது இளைஞர் ஓரிரு நாட்களில் உயிரிழந்தார். அவர் யார் தெரியுமா? சென்னை மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர். மருத்துவம் படித்த பிள்ளையே ஏமாந்த இடம் அது! அந்த இடத்துக்கு அழகு நிலையம் நடத்தும் அனுமதி மட்டுமே இருந்ததாகப் பின்னர் தெரியவந்தது. முடிச் சிகிச்சையைச் செய்ய யாருக்குத் தகுதி உண்டு என்று இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொள்வது போதிய பயிற்சியாகாது என்று அதில் எழுதவேண்டிய நிலை வந்திருக்கிறது என்றால், நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நம் நாட்டில் வைத்தியர்களின் பதிவேடு இலங்கை மருத்துவ சபையிடம் இருக்கிறது. தனியார் வைத்திய நிலையங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவுசெய்யப்பட வேண்டும். ஆகவே கேட்கவேண்டிய கேள்விகள் மூன்றுதான். செய்பவர் பெயர் என்ன? அவர் எதில் நிபுணர்? இடம் பதிவு பெற்றதா? அந்தத் தாளில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசி எடுத்து இந்த மூன்றையும் கேட்டேன். கட்டணத்தில் கழிவு தருவதாகச் சொன்னார்கள், பெயரைச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் வந்தபோது இதையெல்லாம் சொன்னேன். அந்த இடம் வேண்டாம் என்று உடனே ஏற்றுக்கொண்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாசித்தவன் வாய் சும்மா இருக்குமா? அழகு பற்றி ஒரு விரிவுரையையே தொடங்கிவிட்டேன்.

நம் பழந்தமிழ்ப் புலவர்கள் பெண்ணைக் குறிக்கவே நெற்றியைத்தான் பயன்படுத்தினார்கள். நன்னுதல் என்றார்கள், வாள்நுதல் என்றார்கள், பிறைநுதல் என்றார்கள். நுதலின் ஒளியைச் சொன்னார்களே தவிர அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. கண்டிய மணப்பெண்ணுக்கு நலல்பட, நம் மணப்பெண்ணுக்கு நெற்றிச்சுட்டி என்று இரு சமூகமும் பொன்னைக் கொண்டுபோய் வைத்த இடம் அது. பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சீமாட்டிகள் நெற்றி உயரமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக முன்முடியைப் பிடுங்கி எறிந்தார்கள். 1930களின் பிற்பகுதியில் ஹொலிவூட்டில் மார்கரிட்டா கன்சினோ என்ற நடன மங்கைக்கு நெற்றி சிறிது என்று, மின்சாரத்தால் முடிவேர்களைச் சுட்டு முடிக்கோட்டை மேலே ஏற்றினார்கள். ஸ்பானியச் சாயல் மறைந்து அமெரிக்கப் பெண்ணாகத் தெரிய வேண்டுமாம்! வலி மிகுந்த அந்தச் சிகிச்சை நீண்டகாலம் நடந்தது. அவர்தான் பின்னர் உலகம் கொண்டாடிய ரீற்றா ஹேவர்த். அன்று ஏற்றினார்கள், இன்று இறக்குகிறார்கள். நெற்றி அதே நெற்றிதான்.

இன்னொன்றும் சொன்னேன். 1794இல் லண்டன் சஞ்சிகையொன்றில் ஒரு செய்தி வந்தது. மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் படையிடம் பிடிபட்டு மூக்கறுபட்டார். பூனாவில் நாட்டு வைத்தியர் ஒருவர் அவருடைய நெற்றித்தோலை எடுத்து மடக்கி, புதிய மூக்கு அமைத்துக்கொடுத்தார். அந்தச் செய்தியைப் படித்துத்தான் ஐரோப்பிய வைத்தியர்கள் அந்தக் கலையைக் கற்றார்கள். நெற்றியில் தோல் தாராளமாக இருப்பது எவ்வளவு பெரிய நன்மை என்று பார்!

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "மாமா, பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து யாரும் என்னைப் பெண் பார்க்க வரப்போவதில்லை."

வாயடைத்துப்போனேன். அவளை இரண்டு இடத்திலிருந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஓரிடத்தில் தரகர் திரும்பிவந்து, "பிள்ளைக்கு நெற்றி கொஞ்சம் ஏற்றம் என்கிறார்கள்" என்று சொன்னதை என் தங்கை என்னிடமும் சொல்லியிருந்தாள். அன்று நான் அதை ஒரு நகைச்சுவையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

முறையான பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரைக் கண்டியில் பார்ப்பதற்கு ஏற்பாடு செய்தேன். பகலில் அரசாங்க வைத்தியசாலையில் தீக்காயம் பட்டவர்களுக்கும் பிளந்த உதட்டோடு பிறந்த குழந்தைகளுக்கும் சிகிச்சை செய்பவர். மாலையில் தனியாகவும் பார்க்கிறார். சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசினார். நானும் கூடவே உள்ளே போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று பின்னர் நினைத்தேன். போனதே நல்லது என்று அதற்கும் பின்னர் நினைத்தேன்.

அளந்தார். ஏழு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட. "உயரம்தான். இல்லையென்று பொய் சொல்லமாட்டேன்" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. அவளுக்கும் பிடித்தது என்பது முகத்தில் தெரிந்தது. அதுவரை எல்லோரும் அவளிடம் "அப்படியொன்றும் இல்லை" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு விரல்களை உச்சந்தலையில் வைத்துத் தோலை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். இறுக்கமாக இருக்கிறது, ஒரே தடவையில் அதிகம் இறங்காது என்றார். அண்மையில் காய்ச்சல் ஏதும் வந்ததா என்று கேட்டார். ஐந்து மாதங்களுக்கு முன் டெங்கு வந்து, அதன் பின் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியிருந்தது. கடும் காய்ச்சலுக்குப் பிறகு அப்படிக் கொட்டும், மீண்டும் வளரும், வளர்ந்து முடியும்வரை உண்மையான முடிக்கோடு எதுவென்று சொல்லமுடியாது என்று விளக்கினார். குடும்பத்தில் முன்முடி யாருக்காவது கொட்டியதா என்ற கேள்விக்கு அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வைத்தியர் என் தலையைப் பார்த்துவிட்டார்! என் தங்கைக்கும் நாற்பதை அண்டியே முன்முடி ஐதாகத் தொடங்கியது.

கடைசியாகக் கேட்டார்: "இந்த நெற்றி உங்களுக்கு எப்போதிலிருந்து பிரச்சினை?"

"நாலைந்து வயதிலிருந்து, டொக்டர்."

"அந்த வயதில் ஒரு பிள்ளைக்குத் தானாகத் தெரியாதே. யார் சொன்னார்கள்?"

அவள் ஒரு கணம் தயங்கினாள். என் பக்கம் திரும்பவில்லை. "வீட்டில்" என்றாள்.

அந்த ஒற்றைச் சொல்லில் என் பெயரை மறைத்துவைத்து என்னைக் காப்பாற்றினாள். நான் கதிரையில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். பல்லேகலைக்குப் பிறகுதான் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. "நான்தானே?" என்று கேட்டேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். நான் ஆசையாக வைத்த பெயர் என்பது அவளுக்குத் தெரியுமாம். வீட்டில் கூப்பிட்டபோது பிடித்தும் இருந்ததாம். இரண்டாம் வகுப்பில் அவளுக்குப் பரிசு கிடைத்த நாளில், நான் மண்டபத்தில் எழுந்து நின்று, "எங்கள் நெற்றிக்காரி!" என்று உரக்கக் கூவிக் கைதட்டினேனாம். எனக்கு அது நினைவிலேயே இல்லை. மறுநாள் வகுப்பு முழுவதும் அந்தப் பெயர். ஐந்தாம் வகுப்பில் அது "மைதானம்" ஆயிற்று. பதினான்கு வயதில் முன்முடியை வெட்டி நெற்றியில் தொங்கவிட்டாள். பாடசாலை விதிக்கு மாறு என்று ஆசிரியை எல்லோர் முன்னும் கிளிப் போட்டு ஏற்றிவிட்டாராம். பிறகு கைத்தொலைபேசி வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் உயர்த்திப் பிடித்து எடுக்கும் படத்தில், கமராவுக்கு அருகிலுள்ள நெற்றி உள்ளதைவிடப் பெரிதாக விழும். தரகர் கடைசியாக வந்தவர்தான்.

"தரகர் சொன்னதற்காக நான் இதை நினைக்கவில்லை மாமா. இருபது வருடமாகக் கண்ணாடியில் முதலில் நெற்றியைத்தான் பார்க்கிறேன். முகத்தைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது."

வாசகர்களே, எத்தனையோ பேட்டிகள் எடுத்திருக்கிறேன். அமைச்சர்களிடம் கேட்டுப் பெற்ற பதில்களையெல்லாம் மறந்துவிட்டேன். இந்தப் பதிலை மறக்கமாட்டேன்.

திகன சந்தியில் இறங்கியதும் தேநீர்க் கடையொன்றுக்கு அழைத்துச் சென்றேன். மன்னிப்புக் கேட்டேன். மாமன்மார் மருமகளிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. இருவருக்குமே கூச்சமாக இருந்தது. "செய்தாலும் செய்யாவிட்டாலும் இனி அந்தப் பெயர் வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள். ஒப்புக்கொண்டேன்.

சத்திரசிகிச்சை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஓராண்டு பொறுத்து, முடி முழுதும் வளர்ந்த பின் மீண்டும் வரும்படி வைத்தியர் சொன்னார். அப்போதும் விருப்பமிருந்தால், அவளுடைய தலைக்கு வெட்டி இழுப்பதைவிட முடி நடுவதே பொருந்தக்கூடும் என்றார். அவள் காத்திருக்கிறாள். சீட்டுப் பணம் வங்கியில் இருக்கிறது. செய்வாளோ மாட்டாளோ, எனக்குத் தெரியாது. அது அவளுடைய நெற்றி. முன்பென்றால் "இயற்கையோடு விளையாடாதே" என்று ஓர் ஆசிரியத் தலையங்கமே எழுதியிருப்பேன். பல்லைக் கட்டி நேராக்குகிறோம். நரைக்குச் சாயம் பூசுகிறோம். நானே பத்தாண்டுகள் பூசினேன். நெற்றிக்கு மட்டும் ஏன் உபதேசம்? செய்பவர் யார், என்ன கிடைக்கும், என்ன இழக்கநேரும் என்பதை விசாரித்துக் கொடுப்பதுதான் என் பங்கு. அதற்கு மேல் சொல்லும் யோக்கியதையை இருபது ஆண்டுகளுக்கு முன்பே, அந்தப் பாடசாலை மண்டபத்திலேயே இழந்துவிட்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லலாம். கறுப்பி, கட்டையன், பல்லன், நெட்டை என்று நம் வீடுகளில் அன்பாக வைக்கும் பெயர்கள் எத்தனை! வைத்தவர்கள் மறந்துவிடுகிறோம். அவற்றைச் சுமந்துகொண்டு பாடசாலைக்குப் போவது பிள்ளைகள். கண்ணாடி முன் நிற்பதும் அவர்களே. தழும்பில்லாமல் செய்யக்கூடிய வேலை ஒன்றுண்டு; அந்தப் பெயரை நிறுத்துவது. அதற்கு நிபுணர் தேவையில்லை.

போன மாதம் உறவினர் வீட்டில் ஒரு குழந்தையின் முப்பத்தோராம் நாள். தொட்டிலைச் சுற்றிக் கூட்டம். ஒரு பெரியம்மா குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அட, அப்படியே உன் நெற்றி!" என்று என்னை நோக்கிச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் வழக்கம்போல ஏதாவது பெயர் வைப்பேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருமகளும் அங்கே இருந்தாள். அவளும் பார்த்தாள்.

"குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். சொன்னார்கள். அந்தப் பெயரைச் சொல்லித்தான் குழந்தையைக் கூப்பிட்டேன்.